அரை லிட்டர்

செவ்வாய், வியாழன், சனி.
ஜெலுத்தோங்கில், டயர்க் கடைக்கு மேல்மாடி.
ஆறாம் நாற்காலி என்னுடையது.
நான்கு மணி நேரம் என் இரத்தம்
எனக்கு வெளியே நடந்துவிட்டு வரும்.

ஏழாம் நாற்காலியில் ஊய் கிம் செங்,
தெலுக் பஹாங்கில் நாற்பது வருடம் வலை போட்டவர்.
எங்களுக்குப் பொதுமொழி உடைந்த மலாய்.
அதைவிடப் பொதுவானது தாகம்.
நாளைக்கு அரை லிட்டர்:
குழம்பும் அதில் சேர்த்தி,
மாத்திரை விழுங்கும் மிடறும் சேர்த்தி.

இன்று அவருக்கொரு கதை சொன்னேன்.
இரண்டு ஆறுகளுக்கு நடுவே
ஈரக் களிமண்ணில் ஆணி ஆணியாய்க் குத்திவைத்தது.
ஒரு மீன்காரன். அவன் படகைக் கவிழ்த்தது தென்காற்று,
நம் பாட்டுகளில் கொஞ்சும் தென்றல் இல்லை.
சபித்தான். காற்றின் சிறகு ஒடிந்தது.
"சொல்லாலா?"
"சொல்லால்தான்."
ஊய் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஏழு நாள் காற்றில்லை.
வானத்தரசன் கூப்பிட்டனுப்பினான்.
போகுமுன் அவனுடைய சாமி எச்சரித்தது:
அங்கே தரும் ரொட்டி சாவு, தண்ணீர் சாவு, தொடாதே.
துணி தந்தார்கள், உடுத்திக்கொண்டான்.
எண்ணெய் தந்தார்கள், பூசிக்கொண்டான்.
ரொட்டி வந்தது, வேண்டாம்.
தண்ணீர் வந்தது, வேண்டாம்.
உண்டிருந்தால் சாவே இல்லை அவனுக்கு.
வானத்தரசன் சிரித்துவிட்டுத்
திருப்பி அனுப்பினான், நம்மிடம்.

எனக்கும் போர்வை தந்தார்கள், போர்த்திக்கொண்டேன்.
மிஸ்ஸி ஹஸ்லினா மரத்துப்போகும் களிம்பு தடவினாள், கை நீட்டினேன்.
மனிதகுலம் இழந்ததெல்லாம் எனக்குத் தெரியாது.
நான் இழந்தது மூத்திரம் போகும் திறமை.
அதைப் பற்றி எவனும் களிமண்ணில் எழுதிவைக்கவில்லை.

ஊய் வெகுநேரம் பேசவில்லை.
இயந்திரம் இரண்டு முறை கத்தி அடங்கியது.
பிறகு கேட்டார்:
"அந்தச் சாமிக்குத் தினம் மீன் கொண்டுபோனவனா அவன்?"
ஆமாம். எப்படித் தெரியும்?
"அவன் சாகாமல் மேலேயே தங்கிவிட்டால்
சாமிக்கு மீன் யார் பிடிப்பது?"
சிரித்த சிரிப்பில் ஊசி அசைந்தது.
மிஸ்ஸி எங்கள் இருவரையும் திட்டினாள்.

எடை பார்த்தோம்.
ஆளுக்கு இரண்டு கிலோ தண்ணீரை
அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கினோம்.
வெளியே மழை. பாலமே தெரியாத மழை.
டயர்க் கடை ஓரம்
ஊய் அண்ணாந்து வாயைத் திறந்தார்.

கணக்கு நோட்டில் இதை எவ்வளவென்று எழுதுவீர்கள்
என்று கேட்டேன்.

அவர் வாயை மூடவில்லை.