சூரியன் இரண்டரைக்குக் கிளம்பிவிடும் ஊர்

டிசம்பரில் ட்ரொன்ஹெய்முக்குச்
சூரியன் பத்து மணிக்கு வந்து
குளிரங்கியைக் கழற்றாமலே சற்று உட்கார்ந்துவிட்டு
இரண்டரைக்குக் கிளம்பிவிடும்.
அதை நம்பித்தான் எனக்குச் சம்பளம்.

ஜன்னலில்லாத அடித்தள அறையில்
ஓர் எஃகு உருண்டைக்குக் காவல் இருக்கிறேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாமையை
இரவும் பகலும் இரைந்து இரைந்து
மூன்று பம்புகள் தயாரிக்கின்றன.
நடுவே அறுநூற்று இருபது டிகிரியில்
சீட்டுக்கட்டை விடச் சின்னதாய் ஒரு சிலிக்கான் வில்லை.
வில்லை முழுக்கக் கண்ணுக்கு எட்டாத துளைகள்,
துளைக்கொரு காலியத் துளி.

காலியம் சாது.
உள்ளங்கையில் வைத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு உருகும்.
ஆர்சனிக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.
இரண்டும் துளிக்குள் சந்திக்கின்றன.
துளி தாங்கும் மட்டும் தாங்கி
மிச்சத்தைப் படிகமாகக் காலடியில் இறக்குகிறது.
படிகம் துளியை உயர்த்துகிறது,
உயர்ந்த துளி மறுபடி விழுங்குகிறது.
மணிக்குச் சில மைக்ரான்.
வளர்கிறது என்றுதான் சொல்கிறோம்,
வேறு சொல் கிடைக்கவில்லை.

முன்பு தங்கத் துளியில் வளர்த்தார்கள்.
தங்கம் சிலிக்கானுக்குள் கசிந்து அதைக் கெடுத்தது.
‘நகைக்கடைக்கு அது போதும்,
கூரைக்கு வேண்டாம்’ என்று
பேராசிரியர் ஹில்டெகுன் நிறுத்திவிட்டார்.
இழைகளாக நட்டால் பொருளும் மிச்சம்.
ஒவ்வோர் இழையும்
தன் நிழலை விட அகலமான வட்டத்து வெளிச்சத்தைத்
தன் பக்கம் வளைத்துக்கொள்ளும்.
இது உவமை இல்லை, அளந்திருக்கிறோம்.

என் தம்பி ஐவிண்ட் வடகடலில், எண்ணெய் மேடையில்.
‘உன் குளிர்விக்கும் நைட்ரஜன்
நான் கட்டும் வரியில் வருகிறது’ என்பான்
ஒவ்வொரு விருந்திலும், மீனை வெட்டியபடி.
பொய் இல்லை. உப்பை நகர்த்திக் கொடுப்பேன்.

பத்தொன்பதாம் தேதி நைட்ரஜன் லாரி வரவில்லை.
மலைச்சாலையில் பனிக்கட்டியாம்.
அதிகாலை மூன்றுக்கு அழுத்தமானி ஏறத் தொடங்கியது.
ஃபர்ஷீதை எழுப்பினேன், அவனுடைய ஆய்வேடு அது.
கோட்டுக்குக் கீழே பைஜாமா தெரிய வந்து நின்று
எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒரு மணி நேரம் கூடக் கிடைத்திருந்தால்
இழைகள் முழு உயரம்.
‘மூடு’ என்றான், பாரசீகத்தில்.
எனக்கு அந்தச் சொல் தெரியாது.
மூடினேன்.

காலியம் நின்றது, ஆர்சனிக் நிற்கவில்லை.
ஒவ்வொரு துளியும் இருந்ததைச் செலவழித்துத்
தானும் கல்லாகி முடிந்தது.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தோம்.
பாதி உயரம். பல சாய்ந்திருந்தன,
சில பக்கத்து இழையின் தோளில்,
கடைசி டிராமைத் தவறவிட்டவர்கள் போல.
ஹில்டெகுன் திட்டவில்லை.
‘எப்படியும் மின்கலமாக்கிப் பாருங்கள்’ என்றார்,
அது திட்டுவதை விடக் கஷ்டமாக இருந்தது.

விளக்கின் பொய்ச் சூரியனில் ஏழு புள்ளி ஒன்பது சதவீதம்.
சுமாருக்கும் கீழே.

ஜனவரி ஆறாம் தேதி, பன்னிரண்டே காலுக்கு,
யாரும் கேட்காமலே ஃபர்ஷீத் அதை
நான்காம் மாடி ஜன்னலுக்கு எடுத்துப் போனான்.
ஆற்றுக்கு அப்பால் கூரைகளின் மேல்
சூரியன் ஒரு முழம்தான் இருந்தது.
அளவுமானி நகர்ந்தது.
சின்ன எண். ஆனால் விளக்கின் எண் இல்லை.
மேகம் மூடியது,
எண் இறங்கியது,
பூஜ்யத்துக்குப் போகாமல் ஓரிடத்தில் நின்றது.
அவன் அதைக் குறித்துக்கொண்டான், நேரத்தோடு,
மேகம் என்றும் எழுதி அடிக்கோடிட்டு.

ஐவிண்டுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன்.
கீழே லாரி ஹார்ன் அடித்தது.
நைட்ரஜன்.
கையெழுத்துப் போட இறங்கினேன்,
கையுறையை ஜன்னலிலேயே மறந்துவிட்டு.