கழித்தல் பக்கம்

வெள்ளகோவில் மெக்கானிக் வரவில்லை,
மச்சான் வீட்டில் சீராம்.
நாலு நாளாய் ஆம்பியர் முள்
கழித்தல் பக்கமே சாய்ந்து கிடக்கிறது.
மேட்டில் நிறுத்தி, சரிவில் உருட்டி,
கிளட்சை விட்டு உசுப்புகிறோம் வண்டியை.

ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு முழம் ஒயர்.
ஓட்டத்தில் டைனமோவில் வைத்தேன், எரிந்தது.
பிரஷ் போச்சு என்று அடித்துச் சொன்ன சென்னியப்பன்
வெற்றிலை துப்பப் போனார்.
பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் சரி.
கட்டவுட் பெட்டியின் எர்த் முனையில் மட்டும்
பல்பு கண் திறக்கவில்லை.

ஆயுதபூசைக்குப் பெயிண்ட் அடித்தது நான்தான்.
ஒரு போல்ட் விடாமல்
இரண்டு கோட்டு.
"பழனாத்தா, புது வண்டியாட்டமல்லோ இருக்குது"
என்றவரும் இவரேதான்.

உப்புத்தாளால் தேய்க்கிறேன்.
நீலத்துக்கு அடியில் பழைய சாம்பல்,
அதற்கும் அடியில் துரு,
பிறகு
சட்டைப் பொத்தான் அளவுக்கு
வெள்ளையாய் இரும்பு.

திருகி முறுக்கி மறுபடி உருட்டினோம்.
முள் நடுங்கியது.
பூஜ்யத்தில் சித்த நேரம் நின்று யோசித்து
அக்கட்ட போனது: எட்டு.

"ஏனுங், அப்ப இது?"
காங்கேயத்தில் ஆயிரத்து நானூறுக்கு வாங்கிய
புதுக் கட்டவுட்
பிரிக்காத அட்டைப்பெட்டியோடு
சென்னியப்பன் கையில்.