மூன்றாம் துண்டு

ஒட்டுசுட்டானில் மழை பிடித்த மூன்றாம் நாள்
ஜெபநேசன் அண்ணை உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்தது
கமக்காரர் அமைப்பின் ஹார்ட் டிஸ்க்.
"தண்ணிமுறைக் கணக்கு முழுக்க இதுக்குள்ளதான்.
பழசிலிருந்து இதுக்கு மாத்தித் தந்தவர்
வவுனியாவில ஒருத்தர்.
அண்டையிலிருந்து எழும்புதில்லை."

செருகினேன்.
கறுப்புத் திரை.
அப்படியொரு துண்டே இல்லை என்று நின்றுவிட்டது
பூட் லோடர்.
"துவக்கி பிழைக்குது" என்றேன்.
அவர் நிமிர்ந்தார்.
"துவக்கு இல்லை அண்ணை. துவக்கி."

விண்டோஸ் பெட்டியில் கொழுவிப் பார்த்தேன்.
முதலாம் துண்டைக் கண்டது, இரண்டாவதையும்.
மூன்றாவதை வெறுங்காணி என்றது,
துப்புரவாக்கித் தரவா என்று
மரியாதையாகக் கேட்டது.
வேண்டாம் என்பதை இரண்டு தரம் அழுத்தினேன்.

லினக்ஸ் பொறுமைசாலி.
மூன்றுக்குள் இன்னொரு வேலி ஓடுகிறது என்றது.
உள்ளே இருந்தவற்றுக்கு
ஐந்து, ஆறு என்று பெயரிட்டது.
நாலு?
நாலு என்று ஒன்று இருந்ததேயில்லை.
இலக்கம் மட்டும் ஒதுக்கிக் கிடக்கிறது.

அந்த வேலி ஃப்ரீபிஎஸ்டி போட்டது.
அது எழுத்தால் எண்ணும்: ஏ, பி.
சி என்றால் அதற்கு முழு வளவு;
விண்டோசுக்குச் சி வெறும் முன்னறை.
துவக்கியோ
டிஸ்க்கைப் பூச்சியத்திலிருந்து எண்ணும்,
துண்டை ஒன்றிலிருந்து.
அதன் பழைய பதிப்பு
இரண்டையும் பூச்சியத்திலிருந்து.
ஏனென்று யோசித்ததில் தேத்தண்ணி ஆறிப்போனது.
கரண்ட் போய் வந்தது.

பிறகுதான் உள்வேலியின் பட்டியலைப்
பச்சை எண்களாகத் திறந்தேன்.
அது பொய் சொல்லவில்லை.
பழைய டிஸ்க்கின் தலையிலிருந்து அளந்த தூரத்தை
இன்னும் அப்படியே வைத்திருக்கிறது.
வவுனியாக்காரர் வளவைத் தூக்கி வைத்தார்,
பெர்மிட்டைத் திருத்தவில்லை.
துவக்கி அந்தத் தூரத்தை நம்பிப் போய்
ஆரோ ஒருவரின் துண்டுக்குள் நின்று
கதவைத் தேடியிருக்கிறது.

"அப்ப எங்கட கணக்கு?"
"உள்ளதான் இருக்கு. விலாசம்தான் பழசு."
சிரித்தார், கொஞ்சம் அதிகமாக.
"திரும்பி வந்த வருசம்
கச்சேரிப் படத்தில எங்கட வளவு
குளத்துக்க கிடந்தது, பிள்ளை.
மூண்டு வருசம் குளத்துக்கதான் குடியிருந்தனாங்கள்."

சிட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்:
பழைய தொடக்கத்தைக் கழி,
புதியதைக் கூட்டு.
முதல் தரம் பிழைத்தது.
இரண்டாம் தரமும்.
மூன்றாம் தரம் விசிறி உறுமி
டிஸ்க் கிறுகிறுத்து
எழும்பியது.

பெப்ரவரி பன்னிரண்டு.
மூன்றாம் வாய்க்கால், பரஞ்சோதி,
பின்னேரம் நாலு முதல் ஆறு வரை.
ஏழாம் வாய்க்கால்: தண்ணீர் வரவில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
அந்த வரியிலேயே நின்றார்.
"வந்தது" என்றார். "அண்டைக்கு வந்தது.
நான்தான் மடை திறந்தனான்."

அறுநூறு ரூபாய்ச் சிட்டையை எழுதிக்கொண்டிருந்தேன்.
அதற்கு என்னிடம்
கழிக்க ஓர் எண் இல்லை.