இரண்டாவது ஆள்

சொல்லிவிட்டுப் போனால்
மேசைவிரிப்புகூடப் புதிதாகிவிடும்.
அதனால்தான் ஜனவரியில், அதிகாலை ஐந்து பத்துக்கு,
கெமி நகரத்துக் கடல் உறைந்து
கரை எது நீர் எது என்று தெரியாத இருட்டில்
முதியோர் இல்லத்தின் பின்கதவைத் தட்டினேன்.

திறக்க ஏழு நிமிடம்.
எழுதிக்கொண்டேன்.

எங்கே போனாலும்
முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவேன்.
மூத்திர வாடை குற்றமில்லை,
மனிதர்கள் இருக்கிற இடம்.
எலுமிச்சை மணம் தூக்கலாக இருந்தால்தான்
நின்று பார்ப்பேன்.

பிறகு விரல்.
குழாய் வெந்நீரில் வெப்பமானியோடு
என் விரலையும் நீட்டுவேன்.
வெப்பமானிக்குத் தோல் கிடையாது.

தீத்தடுப்புக் கதவு மூடாமலிருக்க
அடியில் ஒரு மரக்கட்டை செருகியிருந்தது.
பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டேன்.
மருந்தலமாரி பூட்டியிருந்தது, சரி.
சாவி அலமாரியின் தலைமேலேயே இருந்தது.
நேற்று மாலைச் சிற்றுண்டி ஐந்து மணிக்கு,
இன்றைய கஞ்சி எட்டரைக்கு.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
பதினைந்தரை மணிநேரம்.
எதிர்ச்சுவரில் சட்டம் போட்ட வாசகம்:
‘இது உங்கள் வீடு.’
வீட்டில் யாரும்
நடுராத்திரி ஒரு துண்டு ரொட்டிக்கு
அனுமதி கேட்பதில்லை.

பதினான்காம் அறையில் ஹெய்மோ விழித்துக் கிடந்தார்.
பனிக்கடலில் துளை போட்டு
வலை இறக்கிய கைகள் போர்வைக்கு மேலே.
‘கூப்பிட்டால் வருகிறார்களா?’
படிவத்தில் பதினொன்றாம் கேள்வி.
‘வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்.’
எல்லோரும் இதையேதான் சொல்வார்கள்.
நான் போன பிறகும்
அவர்கள் இங்கேதான் இருக்கவேண்டும்.

‘மணியை அடியுங்கள், பார்ப்போம்.’
அவர் கை அசையவில்லை.
கண் மட்டும் மேலே போனது.
மணிக்கயிறு இருந்தது.
விளக்குத் தண்டில் மூன்று சுற்றுச் சுற்றி,
முடிச்சிட்டு,
எழுந்து நின்றால் எட்டுகிற உயரத்தில்.

‘கடல்காரன் போட்ட முடிச்சில்லை அது’ என்றார்,
தன் தொழிலைப் பற்றிய பேச்சு வந்ததில்
குரல் கொஞ்சம் தெளிந்து.
‘இடது கையால் போட்டது. அவசரத்தில்.
வலது கையில்
வேறு யாரையோ பிடித்துக்கொண்டு.’

வாசலில் யென்னிகா நின்றிருந்தாள்.
நான் கேட்கும் முன்பே சொன்னாள்:
‘நான்தான் கட்டினேன்.
நாலாம் அறையில் ஒருவர் விழுந்துவிட்டார்.
இவர் அடித்துக்கொண்டே இருந்தார்.’
‘இவருக்கு என்ன வேண்டியிருந்தது?’
‘மணி என்ன என்று கேட்க
மணி அடிக்கிறார். ராத்திரி முழுக்க.’

இருபத்தொன்பது படுக்கைகள்.
பணிப்பட்டியலில் இரண்டு பெயர்கள்.
இரண்டாவது பெயருக்கு
மூன்று வாரமாய் ஆளில்லை.
பட்டியலை மட்டும் பார்த்திருந்தால்
நான் ‘சரி’ என்று போட்டிருப்பேன்.

முடிச்சை அவிழ்க்க நாலு நிமிடமும்
என் நகம் ஒன்றும் போயின.
கயிற்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
உடனே இழுத்தார்,
அவள் வாசலில்தான் நிற்கிறாள் என்று தெரிந்தும்.
‘மணி என்ன?’
‘ஐந்து ஐம்பத்திரண்டு, ஹெய்மோ.’
ஜன்னல் கருப்பாகவே இருந்தது.
அந்த அறையில் கடிகாரம் இல்லை என்பதை
அப்போதுதான் பார்த்தேன்.

எட்டு மணிக்கு நிர்வாகி மர்யுக்கா வந்தார்,
காப்பியும் ஏலக்காய் ரொட்டியுமாக.
கயிற்றைப் பற்றிச் சொன்னேன்.
‘தனிப்பட்ட ஒருவரின் தவறு,
இன்றே நடவடிக்கை எடுக்கிறோம்’ என்றார்.
படிவத்திலும் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு:
பொறுப்பானவர் பெயர்.
அதில் எழுதினேன்:
‘பட்டியலில் உள்ள இரண்டாவது ஆள். வரவில்லை.’
கீழே, தேவை என்ற இடத்தில்:
கடிகாரம் ஒன்று. ஆள் ஒன்று.
ரொட்டியைத் தொடவில்லை. பசித்தது.

காரில் சாவி தேடும்போது
கையில் அகப்பட்டது அந்த மரக்கட்டை.
சட்டப்படி நான் செய்தது சரிதான்.
நெருப்பு வந்தால் அந்தக் கதவு மூடவேண்டும்.
நெருப்பு வராத எல்லா இரவுகளிலும்
இனி அவள்
வண்டியைக் கைகளாலும்
கதவை இடுப்பாலும் தள்ளவேண்டும்.