கறுப்புத் துணி, நாலு மீட்டர்

ஜூன் மாதத்து த்ரொம்சோவில்
சூரியனுக்கு இரவுப்பணியும் உண்டு.
ஒன்றரை மணிக்குப் பாலத்தின் மேல்
ஓடுகிறாள் தூருன்,
நீண்ட நிழல் முன்னே இழுக்க.
மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் திறக்கும்.
பழுப்புப் பாலாடைக்கட்டி
நின்றபடியே ஒரு துண்டு,
இன்னொன்று.
எடைமெஷின் மசியவில்லை.
எண்பத்தொன்று. மறுபடி எண்பத்தொன்று.

மீன் தொழிற்சாலையில் கண் சொக்கி
கத்தி விரலைத் தொட்ட அன்று
கறுப்புத் துணி வாங்கினாள், நாலு மீட்டர்;
ஜன்னலோடு சேர்த்து ஆணி அடித்தாள்.
ஒன்பது மணிநேரம்.
கனவுகூட எட்டிப் பார்க்கவில்லை.

எழுந்தபோது பசித்தது.
அது வேறு பசி:
கெஞ்சவில்லை, கேட்டது.

காலணியின் கயிற்றை இழுத்துக் கட்டுகையில்
முதலில் கால்களுக்குத்தான் தெரிந்தது.
மெஷினை இன்னும் மிதிக்கவில்லை.
கட்டிலுக்கடியில் கிடக்கிறது;
அதுவும் கொஞ்சம்
தூங்கட்டும்.