ஒன்றரைப் பக்கம்

நாவலில் இருநூற்றுப் பதினாலாம் பக்கம்,
கூண்டில் நிற்பவன் சொல்வான்:
"கை பட்டுருச்சுங்க."
கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தயங்குவாள்,
ஒன்றரைப் பக்கத்துக்கு.
பட்டதா, பட வைத்தானா?
ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால்
ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும்.

ரெக்ஸில், இரவுக் காட்சியில்,
அவளே இல்லை.
அவன் நேராக நீதிபதியிடம் அழுகிறான்.
வயலின். சுத்தியல் அடி.
எங்கள் கோர்ட்டில் ஏது சுத்தியல்?
பின்வரிசையில் விசில்.
மெஹருன்னிஸா பாப்கார்னை நீட்டி
"கதை அதேதானே?" என்கிறாள்.

அதேதான்.

மெக்கன்சி சாலையில் மழை.
நாளை ஒன்பதரைக்கு ஏழாம் எண் அறை,
உட்லண்ட்ஸ் டார்மிட்டரிச் சண்டை.
வாக்குமூலத்தில் அவனும்
அதையேதான் சொல்லியிருக்கிறான்:
பட்டுருச்சு.

நீதிபதி என் வாயைப் பார்ப்பார்.
மிஞ்சினால்
மூன்று நொடி.