முப்பத்தொரு பாகை

ஹப்புத்தளையில் இன்று பதினாறு பாகை.
இயந்திரங்களை விற்றுத் தீர்த்த பெக்டரியில்
கொழுந்து வாட்டிய மேல்தட்டுதான் எங்கள் ஆய்வுகூடம்.
விரல் கனத்து உருக்குச் சுவருக்குள்
காபனீரொட்சைட்டுக்கு
வெயில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஜன்னல்.
இரத்தினபுரியில் தோண்டியதல்ல,
எங்கோ உலையில் வளர்த்த, நீலமே இல்லாத நீலக்கல்.
உள்ளே பாதிக்குத் திரவம், மேலே வாயு,
நடுவில் ஒரு கோடு.

"எழுபத்துநாலு பார்" என்றாள் இமேஷா.
பார்த்தேன்.
கோடு மங்கிற்று. தேன் நிறத்தில் ஒரு கலக்கம்.
பிறகு
கோடு இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால்
என்னால் முடியாது.

எங்கள் தோட்டத்தில் லயம் என்றால்
பத்துக் காம்பரா, ஒரே கூரை.
அகராதியில் லயம் என்றால் கரைந்துபோதல்.
பத்துக் காம்பராவில் ஒன்றில் பிறந்த எனக்கு
மற்ற அர்த்தம் இன்றுதான் கண்ணில் பட்டது.

இப்போது அது வாயுபோல எங்கும் நுழையும்,
திரவம்போல எதையும் சுமக்கும்.
தொங்கவிட்ட பொலிமர்த் துண்டு ஊறிப் பருக்க
சேர்மம் உடுத்திய வெள்ளி அதற்குள் போகிறது.
அறுபது பாகையில் ஐதரசன் விட்டால்
உடுப்பைக் கழற்றிவிட்டு
மணி மணியாய் அங்கேயே தங்கும்.
தங்க வேண்டும்.
போன கிழமை, கல்யாண வீட்டுச் சொந்தங்கள் மாதிரி
எல்லாம் ஒரே மூலையில் கூடிவிட்டது.
துண்டு கரித்துணி நிறம்.
பிரிந்து இருந்தால் பிளேன்டீ நிறம் வரும்.

இரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது.
இதல்கஸ்ஹின்னப் பக்கம் மரம் விழுந்ததாம்.
ஐம்பது. நாற்பத்திநாலு.
இமேஷா ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றினாள்.
காவல்காரர் சடையப்பன் தன் கம்பளியைக் கொண்டுவந்து
"புள்ளைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுக்கொண்டே
உருக்கைப் போர்த்தினார்.
முப்பத்தாறு.
போன் வெளிச்சத்தில் மூன்று தலைகள், ஒரு பொத்தான்.
முப்பத்திரண்டு.

யாரும் பேசவில்லை. கோடு வந்தது.
முதலில் மூடுபனி, பிறகு நூல்,
பிறகு எப்போதும் அங்கேயே இருந்ததுபோல.

காலைவரை வாயுவை மெல்ல விட்டோம்.
அவசரப்பட்டால் துண்டு அப்பமாய்ப் பொங்கும்.
ஆறு மணிக்குத் திறந்தேன்.
மேலே பிளேன்டீ, கீழே சாம்பல்.
பிரியும் இடம் ரூலர் பிடித்ததுபோல் நேர்.
இமேஷா அளந்தாள்: பதினொரு மில்லிமீற்றர்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
மேல்பாதி சரி.
ஜெனரேற்றர் கேட்கவும்.
கம்பளியைத் திருப்பிக் கொடுக்கவும்.